தாள் உறையும் வாழ்த்து மடலும்

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, திருக்கழுக்குன்றத்தைக் கடந்து மாமல்லபுரத்தில் கடற்கரையை அடைகிறது. வழியில் பனைகளைக் காணலாம். மணற்பாங்கான இடங்களில் தாழையும் தென்படும். எழுதும் பொருளைக் குறிக்க நாம் இன்று வழங்கும் சொற்களுட் சில இத்தகைய மரஞ்செடிகளிலிருந்து பிறந்தவை. ஓலை என்பது பனையின் இலை. கடிதத்திற்கும் அதுவே பெயராயிற்று. மடல் என்பது பனை, தாழை முதலியவற்றின் உறுப்பு. அச்சொல்லே இன்று வாழ்த்து மடலில் வாழ்கிறது. தாள் என்பதோ நெல், புல் முதலியவற்றின் தண்டு. காகிதம் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பொருள் அயல்நாட்டினதாயினும், அதற்குப் பழந்தமிழ்ப் பெயர்களையே சூட்டிக்கொண்டோம். அந்தத் தாளைக் கொண்டு பரிசுப் பொருளுக்கேற்ற உறையையும் மடலையும் கையாற் செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பரிசுக்கு உறை எதற்கு என நீங்கள் வினவலாம். மாமல்லபுரத்திற்கு வருவோர் சிறு கற்சிற்பம் ஒன்றேனும் வாங்கிச் செல்ல விரும்புவர். சிற்பக் கலையைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையம் 1957-ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் உள்ளது. உளியொலி கேளாத தெரு அங்கே அரிது. கல்லிற் செதுக்கிய யானையை வாங்கியவர் அதனைப் பிளாஸ்டிக் பையில் இட்டுச் செல்வதே பல ஆண்டுகளாக வழக்கமாயிருந்தது. சிற்பம் வீடு சேரும். பை தெருவிலும், தெருவிலிருந்து வாய்க்காலிலும், வாய்க்காலிலிருந்து கடலிலும் சேரும்.

அக்கடலில் வாழ்வது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரையுள்ள திங்கள்களில், இருள் சூழ்ந்த பின் அது இக்கரையில் ஏறி, மணலைப் பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டு மீளும். மீனவர் சொறி என்று வழங்கும் இழுதுமீன் அதன் உணவுகளுள் ஒன்று. நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை, இழுதுமீனைப் போலவே ஒளி ஊடுருவ அசைந்தாடும். அதனை உணவெனக் கருதி விழுங்கும் ஆமையின் குடல் அடைபடும்.

தமிழ்நாட்டரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021-ஆம் ஆண்டு திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தையும் தொடங்கியது. தடைப்பட்டியலில் மெல்லிய பைகள் மட்டுமே உள்ளன என்று கருதுதல் தவறு. துணி போலத் தோன்றும் நெய்யாத பையும் அதில் உண்டு. பிளாஸ்டிக் பூசிய தாட்குவளையும் உண்டு. இவை தம் இயல்பை மறைத்து வேறொன்றாகத் தோன்றுவன. கடையில் விற்கும் பளபளப்பான பரிசுத் தாள்களுட் சிலவும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. சோதித்தறிவது எளிது: தாளைக் கையிற் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடப்பின் அது தாள். மெல்ல விரிந்து எழுந்தால் அதில் பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருத்தல் கூடும். பின்னர் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடத்தில் இழைகள் தெரிய வேண்டும். நீளும் தோல் போன்ற ஒன்று தெரியலாகாது.

இனி, தாட்பை என்றாலே குற்றமற்றது என்று கொள்ளவும் இயலாது. தாள் செய்ய நீரும் எரிபொருளும் வேண்டும். மரக்கூழ் எனின் மரமும் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு பிற பைகளை ஒப்பிட்டது. புவி வெப்பமுறுதலை அளவாகக் கொண்டால், தாட்பையை மூன்று முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்தினாலன்றி அவை அதனினும் மேலானவை ஆகா என்று அவ்வாய்வு கணக்கிட்டது. அக்கணக்கு ஆலைப் பைகளைப் பற்றியது; கடலிற் சேரும் குப்பையை அது எடைபோடவில்லை. ஆதலின் அதனைக் காட்டிப் பிளாஸ்டிக்கிற்குத் திரும்புதல் பொருந்தாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது. நாம் செய்யும் உறை ஒரே நாளிற் கிழிந்துவிடுமாயின் நம் உழைப்பால் பயன் சிறிதே. மூன்று கைகளேனும் மாறும் வலிமை அதற்கு வேண்டும். அவ்வலிமை, தாளின் இழையிலும் மடிப்பிலும் பசையிலும் இருக்கிறது.

முதலில் இழையைக் காண்போம். மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்த கைத்தாள் ஆலை 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கைத்தாளுக்கு மூலப்பொருள் மரமன்று. பருத்தித் துணிக் கழிவு. பனியன் தைப்போர் வெட்டி எறியும் துண்டுகளே இதற்கு ஏற்றவை. அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீருடன் பொறியில் இட்டு இடிப்பர். துணி நூலாகி, நூல் இழையாகி, இறுதியிற் கூழாகும். கூழைத் தொட்டி நீரிற் கலக்கி, சல்லடை கட்டிய சட்டத்தை அதனுள் அமிழ்த்தி எடுப்பர். எடுத்தவுடன் சட்டத்தை முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைப்பர். நீர் வடிய, இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் படியும். அந்த ஈர ஏட்டைத் துணிமேற் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, நிழலில் உலர்த்துவர்.

இது புதுமுறை அன்று. சீனநாட்டில் சாய் லுன் என்பார் கி.பி. 105-இல் மரப்பட்டை, கந்தல், பழைய மீன்வலை முதலியவற்றால் தாள் செய்து அரசனுக்குக் காட்டினார் என்பர். நம் கரையிலேயே, தரங்கம்பாடியில் தமிழ் நூல்களை அச்சிட்ட சீகன்பால்கு காலத்தில், தாட்பஞ்சத்தைப் போக்கப் பொறையாற்றில் 1715-ஆம் ஆண்டளவில் தாளாலை ஒன்று நிறுவப்பட்டது. பிற்காலத்தில் எந்திரத் தாள் பெருகியபோது கைத்தொழில் நலிந்தது. 1934-ஆம் ஆண்டு காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் அதற்கு மீண்டும் உயிரூட்டியது. அச்சங்கத்தை நடத்தியவர் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா.

பருத்தியிழை நீளமானது, மரத்தில் உள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் இல்லை. செய்தித்தாள் சில மாதங்களில் மஞ்சளாகி நொறுங்குவதற்கு அந்த லிக்னினே காரணம். மேலும், எந்திரத்தில் ஓடும் தாளில் இழைகள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். அத்திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். திசையை அறிய, சிறு துண்டின் ஒரு பக்கத்தை நனையுங்கள். துண்டு குழல்போற் சுருளும்; குழலின் நீளம் எத்திசையோ, இழையும் அத்திசை. கைத்தாளில் இழைகள் எல்லாத் திசையிலும் பின்னியிருத்தலின் இத்தொல்லை குறைவு. கைத்தாள் கிடைக்காத ஊரிலுள்ளோர் பழைய நாட்காட்டித் தாளையோ பழுப்பு உறைத்தாளையோ கொள்ளலாம்; இழைத்திசையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அளவு. கைத்தாள் பெரும்பாலும் 56 சென்டிமீட்டர் அகலமும் 76 சென்டிமீட்டர் நீளமும் உடையது. இதிலிருந்து 48 அகலமும் 30 உயரமும் உள்ள துண்டுகள் இரண்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஓர் உறையாகும். எஞ்சுவன இரண்டு: 56-க்கு 16 அளவுள்ள துண்டு ஒன்று, 8 சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட பட்டை ஒன்று. இவற்றை எறியலாகாது, பின்னர் வேண்டப்படும்.

துண்டின் இடப்புறத்திலிருந்து 15, 23, 38, 46 சென்டிமீட்டர்களில் நெடுங்கோடுகள் இழையுங்கள். முன்பக்கம் 15, விலா 8, பின்பக்கம் 15, மற்றொரு விலா 8, ஒட்டுவதற்கு 2, ஆக 48. மேலிருந்து 4 சென்டிமீட்டரிலும் கீழிருந்து 6 சென்டிமீட்டரிலும் குறுக்குக் கோடுகள் இடுக. நடுவே நிற்கும் 20 சென்டிமீட்டரே உறையின் உயரம். விலா ஒவ்வொன்றின் நடுவிலும், அதாவது 19-லும் 42-லும், இன்னொரு கோடு இட்டால் உறை தட்டையாக மடங்கும். கோடுகளைப் பென்சிலால் இட்டபின், அளவுகோலைச் சார்த்திக் கரண்டிக் காம்பின் நுனியால் அழுத்தித் தடம் பதியுங்கள். தடம் பதிக்காமல் மடித்த உறை கோணிப்போகும்; எத்துணை அழகிய தாளாயினும் அக்கோணலை மறைக்காது.

மேற்புறத்து 4 சென்டிமீட்டரை உட்புறமாக மடித்து ஒட்டுவதற்கு முன், எஞ்சிய பட்டையிலிருந்து 14 நீளமும் 3 அகலமும் உள்ள துண்டுகளை வெட்டி, முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அம்மடிப்பினுள் வைக்கவேண்டும். கைப்பிடிக் கயிற்றுக்குத் துளையிடும் இடம் அதுவே. அங்கே தாள் மூன்றடுக்காக இருப்பின் துளை கிழியாது. பின்னர் 2 சென்டிமீட்டர் ஓரத்தில் பசையிட்டு விலாவை மூடுக. அடிப்புறத்தில் முதலில் இரு விலாக்களையும் உள்ளே மடித்து, அவற்றின்மேல் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் மடித்து ஒட்டுக. விலா 8 சென்டிமீட்டராதலின், ஆறும் ஆறும் சேர்ந்து நான்கு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியும். அவ்வளவேனும் படியாத உறையில் கல் யானையை இட்டால், யானை பையின் அடிவழியே இறங்கிவிடும். பழைய குறிப்பேட்டின் அட்டையை 14.5-க்கு 7.5 அளவில் வெட்டி உள்ளே கிடத்தினால், சுமை ஒரு புள்ளியில் அழுத்தாமல் அடி முழுதும் பரவும்.

பசைக்கு மைதா மாவே போதும். ஒரு பங்கு மாவைக் குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைத்து, ஐந்து பங்கு நீராகப் பெருக்கி, சிறு தீயில் துழாவிக் காய்ச்சுக. பூச்சி அரியாதிருக்க நூற்கட்டுவோர் மயில்துத்தம் சிறிது சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, மாணவர் அதனைத் தொட வேண்டா. தேவையான அளவே காய்ச்சி அன்றே பயன்படுத்துக. பசையை மெல்லியதாகத் தடவவேண்டும். மிகுதியாகத் தடவினால் தாள் ஈரத்தால் பெருத்துச் சுருங்கும். ஒட்டியபின் புத்தகச் சுமையின்கீழ் ஓரிரவு வைக்க. கைப்பிடிக்குச் சணற்கயிறோ வாழைநாரோ கொள்க. முடிச்சு உட்புறம் இருக்கட்டும்.

அழகூட்டுதலைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கைவினைப் பொருட்கடையில் மின்னும் தூள், செலோ டேப், பிளாஸ்டிக் நாடா ஆகியவை கண்ணைக் கவரும். மின்னும் தூள் பெரும்பாலும் பொடித்த பிளாஸ்டிக் ஏடே. ஆமையின் பொருட்டுப் பிளாஸ்டிக் பையைத் துறந்தவர், அதனையே பொடியாக்கித் தாளின்மேல் தூவுதல் நகைப்புக்குரியது. புத்தகத்தினுள் வைத்து உலர்த்திய வேப்பிலை, பனையோலைக் கீற்று, பழஞ்சேலையின் கரை, இவை போதும்.

மடலுக்கு, எஞ்சிய 56-க்கு 16 துண்டிலிருந்து 22 நீளத்தில் இரண்டு வெட்டி, நடுவே மடியுங்கள். பின்னும் 12 சென்டிமீட்டர் மிஞ்சும். அது பெயர்ச்சீட்டு எட்டுக்குப் பயன்படும். எழுதுமுன் ஒரு மூலையில் பேனாவை ஊன்றிப் பாருங்கள். மை கசிந்து பரவினால், நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிடுவது போல, தாளுக்கும் நீர்த்த கஞ்சியை மெல்லத் தடவி உலர்த்தவேண்டும். வாழ்த்துரை நீளவேண்டுவதில்லை. பெறுவார் பெயர், வாழ்த்து, அனுப்புவார் பெயர், நாள் இவை பிழையின்றி அமைந்தால் சாலும். ஓலையில் எழுதியோர், ஓலை துளைபடும் என்று அஞ்சிப் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். தாளுக்கு அவ்வச்சம் இல்லை. ஆயினும் இக்காலத்து மடல்கள் பலவற்றில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி வருகின்றன.

உறை பலமுறை கைமாறி நைந்தபின் அதனைக் குப்பையில் இடவேண்டியதில்லை. கயிற்றை அவிழ்த்து, தாளைக் கிழித்து, ஓரிரவு நீரில் ஊறவையுங்கள். மறுநாள் உரலில் இடித்துக் கூழாக்கி, அகன்ற தொட்டி நீரிற் கலக்குங்கள். பழைய கொசுவலைத் துண்டை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அதுவே சல்லடை. அதனால் ஏந்தி எடுத்த ஏட்டைப் பழந்துணியிற் கவிழ்த்து, மேலொரு துணி மூடி, அம்மிக்கல்லை ஏற்றுக. நீர் வடிந்தபின் நிழலில் உலர்த்தி உரித்தெடுக்கலாம். ஓரங்கள் நேராக இரா. இழைகள் பிரிந்து நிற்கும். அவற்றைக் கத்தரியாமல் அப்படியே விடுவது கைத்தாள் செய்வோர் வழக்கம்.