உங்களுக்குத் தெரியுமா? காட்மியத்தைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுசேர்ப்பது உடலின் தற்காப்பே!

இம்மியளவு உலோகம் உடலுக்குள் போனால் கழிவோடு வெளியேறிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. காட்மியம் அப்படி எளிதில் வெளியேறுவதில்லை. துத்தநாகமும் இரும்பும் நுழையும் வழிகளிலேயே அதுவும் செல்லுக்குள் நுழைகிறது. கல்லீரல் உடனே மெட்டாலோதயோனின் என்ற புரதத்தை உருவாக்கி அதைக் கட்டிப்போடுகிறது. ஆபத்து அத்தோடு நீங்குவதில்லை. அந்தக் கட்டு மெல்ல இரத்தத்தில் கசிய, சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே புரதம் சிதைந்து காட்மியம் விடுபடுகிறது. செல்லின் காவலான குளுட்டாதயோனைக் கரைத்து, மைட்டோகாண்ட்ரியாவைக் குலைத்து, செல்லைச் சாகடிக்கிறது. சிறுநீரகத்தில் தேங்கியது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், ஒருநாள் உணவின் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு.

ஜப்பானின் தொயாமா பகுதியில் நடந்தது இதுதான். கமியோகா சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து, நெல்வயல்களில் பாய்ந்து, அரிசியில் ஏறியது. நுண்குழாய்கள் பழுதானதால் கால்சியமும் பாஸ்பேட்டும் சிறுநீரில் போயின. எலும்புகள் மென்மையாகி முறிந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த, பல பிள்ளைகளைப் பெற்ற பெண்கள். ஊட்டச்சத்துக் குறைவே காரணம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு: இரும்புச்சத்து குறைந்த உடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆனால் 'இத்தாய் இத்தாய்' எனப்பட்ட அந்த நோய், அந்த ஆற்றுநீர் பாய்ந்த ஊர்களிலேயே குவிந்திருந்தது. ஊட்டக்குறைவு அவ்வூர்களோடு நின்றுவிடவில்லையே! 1968இல் ஜப்பான் அரசு இதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. சுரங்க நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 1972இல் மேல்முறையீட்டிலும் நோயாளிகளே வென்றார்கள். வயல் மண்ணைச் சீரமைத்து முடிக்க 2012 வரை ஆயிற்று.