கொல்லை அறைக்கும் வைஃபை வந்தது!

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய ஓட்டு வீடு. வாசலில் மோடம், கூடம், முற்றம் தாண்டிக் கொல்லை அறை. நடுவில் ஒன்றரை அடிச் சுவர். வைஃபை முற்றத்தோடு நின்றுவிடும். இத்தனை நாள் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து அத்தை கொல்லை அறையில் படுத்த பிறகுதான் கஷ்டம். டாக்டர் வீடியோவில் பார்ப்பார். பாதியில் படம் அப்படியே நின்றுபோகும். "காலை அசைச்சுக் காட்டுங்கம்மா" என்று அவர் சொல்வது கேட்காமல், "என்னம்மா சொல்றாரு?" என்று அத்தை என் முகத்தைப் பார்ப்பார். இணைப்புக் கொடுத்த ஆளோ, "பெரிய பிளான் போடுங்க" என்றார். வேகம் கூடினால் சுவர் மெலிந்துவிடுமா என்ன!

மகனின் பழைய ரவுட்டர் பரணில் கிடந்தது. அவன் போனில் சொல்லச் சொல்ல நானே இறங்கினேன். அதன் பின்னால் உள்ள சின்னத் துவாரத்தில் ஹேர்பின்னால் பத்து விநாடி அழுத்தியதும் பழைய அமைப்பெல்லாம் அழிந்தது. இருபது மீட்டர் கேட்-6 கேபிள் வாங்கி, ஒரு முனையை மோடத்தின் 'லேன்' துளையிலும், மறுமுனையை ரவுட்டரின் 'வேன்' துளையிலும் செருகினேன். முதலில் மோடத்தைப் போட்டு, விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர்.

வைஃபை பெயர் வந்தது; இணையம் வரவில்லை! அரை நாள் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். அடுப்பில் சாம்பார் தீய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் இரண்டு பெட்டிக்கும் ஒரே விலாசம், 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? கேபிளைக் கழற்றிவிட்டு, செல்போனை ரவுட்டரின் வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் அந்த எண்ணை அடித்தேன். திறந்த பக்கத்தில் 'லேன்' பகுதிக்குப் போய் 192.168.2.1 என்று மாற்றினேன். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரிந்தது. கேபிளைச் செருகினேன், வந்துவிட்டது!

சில ரவுட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டால் எண் கொடுக்கும் பொறுப்பை மோடமே பார்த்துக்கொள்ளும். சாவிக்கொத்து ஒருத்தர் இடுப்பில் இருப்பது போல. இந்தக் குழப்பமே வராது.

வைஃபைக்கு ஒன்று, அமைப்புப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள். பெட்டியை அழகுக்காக இரும்பு பீரோவுக்குள் வைக்காதீர்கள், அலை வெளியே வராது. கரண்ட் போனால் இரண்டு பெட்டிக்குமே இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும். நான் ஒன்றுக்கு மட்டும் கொடுத்து ஏமாந்தேன்.

போன வியாழன் அத்தை காலை மடக்கி நீட்டிக் காட்டினார். வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.