ஸ்கேட் கடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

ரொறன்ரோ நகரசபை நடத்தும் திறந்தவெளிப் பனித்தளங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. நவம்பர் கடைசியில் அவை திறந்ததும் ஸ்காபரோவின் அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்திலும், நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்திலும் தமிழ்க் குடும்பங்களைத் தாராளமாகக் காணலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு போய் ஓரளவு பழகியிருப்பார்கள். துணைக்கு வந்த அப்பாவோ அம்மாவோ நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஸ்கேட் மாட்டுவார். பத்து நிமிடம் போவதற்குள் உள்ளங்கால் சுண்டி இழுக்கத் தொடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று வருவார்.

பிள்ளை "அம்மா, கால் நோகுது" என்றால், "கொஞ்சம் பொறு, பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. புதிதாகப் பழகுகிறவருக்குத் தசை களைப்பது இயல்பு. அது நாளடைவில் குறையும். ஆனால் ஸ்கேட்டுக்குள் வரும் வலியில் பெரும்பங்கு அளவு பிழைத்ததாலும் கயிறு கட்டிய விதத்தாலும் வருவது. அதைப் பொறுத்துப் பழக வேண்டிய அவசியமில்லை, அந்த இடத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.

பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. நடக்கும்போது இவை அசைந்து கொடுத்து உடலின் பாரத்தை மாறி மாறித் தாங்கும். ஸ்கேட்டின் விறைப்பான சப்பாத்துக்குள் அந்த அசைவு நின்றுபோகிறது. அடியிலுள்ள உலோகத் தகடு ஹொக்கி ஸ்கேட்டில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம்தான். ஃபிகர் ஸ்கேட்டில் 4 மில்லிமீட்டர். அவ்வளவு ஒடுக்கமான தகட்டின் மேல் நிற்கும்போது, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கால்விரல்கள் தாமாகவே மடங்கி உள்ளடியைப் பற்றிப் பிடிக்கப் பார்க்கும். விரல்களை மடக்கும் தசைகளில் பல உள்ளங்கால் வளைவிலேயே இருக்கின்றன. ஓய்வில்லாமல் இறுகியே இருந்தால் அவை களைத்து, ஒரு கட்டத்தில் தளர முடியாமல் முறுக்கிக்கொள்ளும். சுண்டி இழுப்பது அந்த இடம்தான்.

பயம் மட்டும் காரணமல்ல. சப்பாத்து பெரிதாக இருந்தாலும் இதே கதைதான். குதிக்கால் உள்ளே வழுக்கினால், பாதத்தை ஓர் இடத்தில் நிறுத்தி வைப்பதற்கு விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கும். வளருகிற பிள்ளைக்கு அடுத்த வருடமும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாடசாலைச் சப்பாத்துக்கு அது ஓரளவு ஒத்துவரும். ஸ்கேட்டுக்கு ஒத்துவராது. கணுக்காலைத் தாங்க வேண்டிய சப்பாத்து தாங்காதபோது கால் உட்பக்கம் சரியும், பிள்ளை வலியோடு விழும், அடுத்த வாரம் வரமாட்டேன் என்று அழும். வளர்வதற்கென்று அரை அளவுக்கு மேல் இடம் விடாமல் இருப்பதுதான் நல்லது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால், பாவித்த விளையாட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் கடைகளில் சரியான அளவிலேயே எடுத்து, சிறிதானதும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய ஸ்கேட்டில் கணுக்கால் பகுதி தளர்ந்து மடிந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்கக் கூடாது.

ஹொக்கி ஸ்கேட்டின் அளவு பொதுவாக அன்றாடச் சப்பாத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை எண் குறைவாக இருக்கும். வாடகை ஸ்கேட்டுகள் சில இடங்களில் சாதாரணச் சப்பாத்து அளவிலேயே வரும். ஆகவே எண்ணை நம்பாமல் போட்டுப் பார்ப்பதே வழி. குதிக்காலைப் பின்னுக்குத் தட்டி, கயிற்றைக் கட்டி எழுந்து நின்றால் விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்ததும் விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். நடந்து பார்க்கையில் குதிக்கால் மேலெழும்பினால் அந்தச் சோடி வேண்டாம். வாடகைக் கூடத்தில் வேறு அளவு கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். காசு கொடுத்து எடுக்கும் பொருளை மூன்று முறை மாற்றிக் கேட்டாலும் அது வாடிக்கையாளரின் உரிமைதான்.

கயிறு கட்டுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கமாக இழுத்துக் கட்டினால், பாதத்தின் மேற்புறத்தில் நரம்பும் இரத்தக் குழாயும் அமுங்கி விரல்கள் மரத்துவிடும். விரல் பகுதியில் தளர்வாகவும், கணுக்கால் மடியும் இடத்தில் குதிக்காலைப் பிடித்து வைக்கும் அளவுக்கு இறுக்கமாகவும், உச்சிக் கொக்கிகளில் மீண்டும் சற்றுத் தளர்வாகவும் கட்ட வேண்டும். முழங்காலை முன்னுக்கு மடிக்க முடிகிறதா என்று பார்த்தால் உச்சியின் இறுக்கம் சரியா என்பது தெரிந்துவிடும். அது மடியாவிட்டால் ஆள் விறைத்து நிற்பார். விறைத்து நின்றால் விரல் மடங்கும். கணுக்காலின் முன்புறத்தில் கயிறு அழுத்தித் தசைநார் புண்ணாவதை ஹொக்கிக்காரர் 'லேஸ் பைட்' என்பார்கள். வலிக்கும் இடத்திலுள்ள ஓட்டையை விட்டுவிட்டுக் கயிறு கோத்தாலே பலருக்கு அது அடங்கிவிடும்.

குளிருக்கென்று இரண்டு சோடி தடித்த காலுறை போடுவதும் உதவாது. சப்பாத்துக்குள் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அடைத்து, வியர்வையைத் தேக்கி, காலை இன்னும் குளிரவைக்கும். மெல்லிய, ஈரத்தை வெளியேற்றும் ஒரு சோடி போதும். ஹொக்கி மேதை பொபி ஓர் காலுறையே போடாமல் விளையாடியவர் என்பது கனடாவில் பிரசித்தம். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. சப்பாத்து காலோடு ஒட்டியிருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவர் சாட்சி.

இவ்வளவு கவனித்தும் பிடித்துக்கொண்டால்? உடனே ஓரத்துக்கு வந்து உட்கார வேண்டும். கயிற்றைத் தளர்த்தி, முடிந்தால் ஸ்கேட்டைக் கழற்றி, கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மெதுவாக இழுத்து அப்படியே வைத்திருக்க வேண்டும். உள்ளங்காலைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் தசை தளரும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீர் குடிப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மீண்டும் இறங்கும்போது முழங்காலை மடித்து, விரல்களை விரித்து வைத்துக்கொள்வது அவசியம். அரை மணிக்கொரு முறை கயிற்றை அவிழ்த்துக் கட்டுவது சோம்பல் பாராமல் செய்ய வேண்டிய வேலை.

ஒட்டாவா போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1970-71 குளிர்காலத்திலிருந்து மக்கள் சறுக்கிவரும் றீடோ கால்வாய்ப் பாதை 7.8 கிலோமீட்டர் நீளம். உற்சாகத்தில் ஒரு நுனியிலிருந்து புறப்பட்டு ஐந்தாவது கிலோமீட்டரில் கால் பிடித்தால், சப்பாத்து வைத்த இடத்துக்குத் திரும்பவும் அதே தூரம் வர வேண்டும். வலி தொடங்கியதும் திரும்புவதைவிட, தொடங்குவதற்கு முன் திரும்புவது புத்தி. சாதாரணச் சப்பாத்தை முதுகுப்பையில் கொண்டுபோனால் நடந்தாவது வரலாம்.

குளிரும் தன் பங்குக்குக் கெடுதல் செய்யும். காற்றோடு சேர்ந்த குளிர் கழித்தல் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. மூடிய பாதத்துக்கு அவ்வளவு வேகமாக ஆபத்து வராது. ஆனால் இறுகக் கட்டிய ஸ்கேட்டுக்குள் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று ஒன்றும் தெரியாமல் போனால் அதை ஆறுதல் என்று நினைக்கக் கூடாது. வெளுத்து மரத்த விரலைத் தேய்க்காமல், ஹீட்டரில் காட்டாமல், 37 முதல் 39 பாகைச் சூட்டு நீரில் வைக்க வேண்டும். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவமனைதான்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்காசியரிடம் அந்த நோய் அதிகம், நம் வீடுகளில் ஒருவருக்காவது இருக்கும். பல வருட நீரிழிவு பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து உணர்வைக் குறைத்துவிடும். ஸ்கேட் கடித்துக் கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது. அது புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கலாம். அவர்கள் முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும், வீடு திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் சில மருந்துகளாலும் தசைப்பிடிப்பு வரும். ஸ்கேட் போடாத நாளிலும் கால் இழுத்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு இறங்குவது மோசமான யோசனை. ஜப்பானின் யுசுரு ஹன்யூ 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது, மூன்று மாதம் முன்பு வலது கணுக்கால் காயப்பட்ட நிலையில். 2022 பெய்ஜிங்கிலும் வலி மருந்தோடுதான் இறங்கினார். அவரைச் சுற்றி மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள், வாழ்நாள் இலட்சியம் ஒன்றும் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையோடு இரண்டு சுற்று வர வந்தவருக்கு, உடம்பு தரும் எச்சரிக்கையை மருந்தால் அமர்த்துவதில் ஒரு இலாபமும் இல்லை.

விழுந்து கணுக்கால் வீங்கினால் சுளுக்கா முறிவா என்று எப்படி அறிவது? உலகமெங்கும் அவசரப் பிரிவுகள் பின்பற்றும் விதி ஒட்டாவாவில் உருவானது. 1992-இல் மருத்துவர் இயன் ஸ்டீலும் குழுவினரும் வெளியிட்ட அந்த விதியின் சாரம் எளிது. விழுந்தவுடனும், பிறகு மருத்துவமனையிலும் நாலடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். கணுக்காலின் இருபுற எலும்பு மொட்டுகளில் பின்விளிம்பையோ நுனியையோ தொட்டால் வலித்தாலும் வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடு வெளிவிளிம்பிலோ, உட்பக்க வளைவின் உச்சியிலோ எலும்பைத் தொட வலித்தாலும் அப்படியே. விழாமலே, ஒரே புள்ளியில் விரல் வைத்தால் குத்துகிற வலி வாரக்கணக்கில் இருந்தால், எலும்பில் மயிர்க்கீறல் விழுந்திருக்கலாம். ஓய்வில் போய் ஓட்டத்தில் திரும்பும் வலிக்கு இந்தச் சந்தேகம் பொருந்தும்.

இனி உரிமை. கால் பிடித்ததற்காக யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் வாடகை ஸ்கேட்டின் தகடு கழன்றோ, பனித்தளம் வெடித்துக் கிடந்தோ காயம் பட்டால் நிலைமை வேறு. இடத்தை நடத்துபவர் அங்கு வருவோரின் பாதுகாப்பில் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம், வருகிறவர் கையெழுத்திட்டு அந்தப் பொறுப்பிலிருந்து நடத்துபவரை விடுவிக்கவும் இடம் கொடுக்கிறது. 2018-இல் புளூ மவுண்டன், ஸ்னோ வலி என்ற இரண்டு பனிமலை விளையாட்டிடங்கள் தொடர்பான வழக்குகளைச் சேர்த்து விசாரித்த ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய விடுவிப்புப் பத்திரத்தைச் செல்லாததாக்காது என்று தீர்ப்பளித்தது. ஆகவே வாடகைக் கூடத்தில் நீட்டும் தாளை வாசிக்காமல் கையெழுத்திடக் கூடாது. விளங்காவிட்டால் விளக்கம் கேட்க வேண்டும். இப்படியொரு கட்டுப்பாடு இருப்பதை வாடிக்கையாளரின் கவனத்துக்குக் கொண்டுவருவது நடத்துபவரின் கடமை. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் இடும் கையெழுத்து எங்கும் ஒரே மாதிரி செல்லுபடியாவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009-இல் ஒரு நீதிமன்றம், பிள்ளையின் வழக்குரிமையைத் தாயோ தந்தையோ இப்படி விட்டுக்கொடுக்க முடியாது என்றது.

கடையில் புதிதாக வாங்கும்போது, யாருக்காக, எதற்காக என்பதைச் சொல்லி, காலை அளக்கச் சொல்ல வேண்டும். விற்பவரின் அறிவை நம்பித்தான் வாங்குகிறோம் என்பது தெரிந்திருந்தால், அந்த நோக்கத்துக்குப் பொருள் உதவ வேண்டும் என்ற நிபந்தனை ஒன்ராறியோ விற்பனைச் சட்டப்படி தானாகவே சேர்ந்துகொள்ளும். மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரும்படி சட்டம் கடையைக் கட்டாயப்படுத்தாது. தகட்டைத் தீட்டியபின் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை; தீட்டுவதற்கு முன்பே வீட்டுக் கம்பளத்தில் நடந்து பார்த்துவிட வேண்டும்.

காயம் பட்டால் திகதிகள் முக்கியம். நகரசபை நடைபாதையில் வழுக்கி விழுந்தால் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தனியார் இடத்தில் பனியால் ஏற்பட்ட காயத்துக்கு, 2021 ஜனவரி 29 முதல் 60 நாள் தவணை; நாள், நேரம், இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வழக்குக்குப் பொதுவான காலக்கெடு இரண்டு வருடம். அன்றைக்கே ஸ்கேட்டையும் விழுந்த இடத்தையும் படம் எடுத்து, ஊழியரிடம் விபத்துப் பதிவு எழுதச் சொல்லி, பார்த்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்தால் பிறகு சட்டத்தரணிக்கு வேலை இலகு. குடும்ப மருத்துவர், அவசரப் பிரிவு, எக்ஸ்ரே எல்லாம் ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டையில் அடங்கும். 19 வயது வரையானவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் மருத்துவரின் பரிந்துரையோடு அரச நிதி பெறும் கிளினிக்கில் பிசியோதெரபியும் கிடைக்கும். இடைப்பட்ட வயதினர் வேலையிடக் காப்புறுதியில் அதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பனிக்காலம் தொடங்குமுன் பார்த்து வைக்கலாம்.