காலி நாற்காலியின் கணக்கு

சாயல்குடி பேரூராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலோ 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையே ஐந்தாண்டுக்கும் மேலாக மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தனி அலுவலரே மன்றம். அவர் கையொப்பமே தீர்மானம்! இது சாயல்குடிக்கு மட்டும் வந்த கேடல்ல. தமிழகத்தின் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி அனைத்துக்கும் இதே கதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி நகர மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும். 2006-இல் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சட்டம் இருந்தது, தீர்ப்பு இருந்தது, தேர்தல்தான் இல்லை!

2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை என்பது வழக்கு. பிறகு வார்டு மறுவரையறை என்றார்கள். ஆண்டுகள் ஓடின. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று காட்டி, உள்ளாட்சிகளுக்கு வரவேண்டிய 14-ஆவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியை டெல்லி நிறுத்தி வைத்தது. தவறு யாருடையதாயினும், தண்டனை குடத்தோடு குழாயடியில் நின்ற தாய்மாருக்கு!

இராமநாதபுரம் மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-இல் காலம் முடிந்ததும் அங்கும் தனி அலுவலர்கள் வந்தமர்ந்தனர். 2021-இல் கோட்டையில் ஆட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை.

ஒரே நோய் இரண்டாம் முறை வந்தால் கசாயம் மட்டும் போதாது. நோயின் மூலத்தைத் தேடவேண்டும். கண்டனக் கூட்டம் ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆராய்ந்து எழுதி வைத்த உண்மையோ அடுத்த நெருக்கடியிலும் நமக்குக் கேடயமாகும்.

"ஆராய்ச்சி படித்தவர் வேலை; உப்பளத்தில் உழைப்பவனுக்கும் பனையேறுபவனுக்கும் அதில் என்ன?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். 1880-இல் காரல் மார்க்ஸ், ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைப் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக எழுதினார். வேலை நேரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, விபத்து நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று தொழிலாளியையே எழுதச் சொன்னார். தன் நிலையைத் தானே அறிந்து சொல்ல வல்லவன் தொழிலாளி என்பதே அவர் நம்பிக்கை.

அண்டை மாநிலத்தையும் பாருங்கள். தோழர் இ.எம்.எஸ். 1994 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் கேரள ஆய்வு மாநாட்டைக் கூட்டினார். பேராசிரியர்களும் கட்சி ஊழியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்து வாதிட்டனர். இரண்டாண்டு கழித்து, 1996 ஆகஸ்ட் 17 அன்று, மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளின் கைக்குச் செல்ல வழி பிறந்தது. ஆய்வு ஏட்டோடு நின்றுவிடவில்லை. கிராமத்தின் கைக்குக் காசாக வந்தது!

இங்கே நாம் கேட்பது என்ன? காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும், ஊராட்சி ஆய்வில் நெடுநாள் அனுபவமுள்ள காந்திகிராமப் பல்கலைக்கழகமும், கடலாடி அரசுக் கல்லூரியும் மாணவர்களைச் சாயல்குடிக்கு அனுப்பட்டும். அந்த ஐந்தாண்டில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை? எந்த வேலை யாருக்குக் குத்தகை போனது? புகார் மனுக்கள் என்னவாயின? மன்றம் வந்தபின் எது மாறியது, எது மாறவில்லை? இவற்றை ஆராய அரசு உதவித்தொகை தரட்டும். பேரூராட்சி தன் பதிவேடுகளைத் திறந்து காட்டட்டும். முடிவு ஆளுங்கட்சிக்குக் கசந்தாலும், எதிர்க்கட்சிக்குக் கசந்தாலும், ஏன், நமக்கே கசந்தாலும், அப்படியே அச்சேறட்டும். முடிவை முன்கூட்டி எழுதிவிட்டுச் செய்வது ஆராய்ச்சியல்ல, விளம்பரம்.

தோழர்களுக்கும் பணி உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மனு எழுதுங்கள், பதிலைக் கோப்பில் சேருங்கள். வரும் மாணவருக்கு வீட்டுத் திண்ணையில் இடம் கொடுங்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.

நாற்காலி காலியாகக் கிடந்தபோது மக்கள் இழந்தது எவ்வளவு? அந்தக் கணக்கு கையில் இருந்தால், தேர்தலைத் தள்ளிப்போடப் பேனா எடுப்பவன், அடுத்த முறை ஒரு கணம் தயங்குவான். அந்தத் தயக்கமே உழைக்கும் மக்களின் முதல் வெற்றி!