பேர் சொல்லாத வீடு



திருத்தணிப் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவரின் சம்மதத்தோடு, அவர் பேர், ஊர் சொல்லாமல் இதை எழுதுகிறோம். "எம் பையன் போய் ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் வீட்ல அவன் பேரை எடுத்தா அவங்கப்பா எந்திரிச்சு வெளிய போயிடுறாரு" என்றார். திருப்பதி ரோட்டில் பைக் விபத்தில் இறந்த பையன். இப்போது தங்கச்சியைப் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போக அப்பா விடவில்லை. பணமில்லை என்கிறார். குழுவில் கடன் தருகிறோம் என்றோம், அப்பவும் வேண்டாம் என்றுவிட்டார். அது பணக் கஷ்டம் இல்லை, பயம்.

பழைய துக்கம் இப்படித்தான் வேறு வேஷத்தில் வீட்டுக்குள் இருக்கும். குடியாக, கோபமாக, பிள்ளைகளை வெளியே விடாத கண்டிப்பாக. 1965-இல் நார்மன் பால், ஜார்ஜ் கிராஸர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை எழுதினார்கள். அழுது தீராத பழைய சாவு ஒன்று இருந்தால், அந்தக் குடும்பம் புதிய மாற்றம் எதையும் ஏற்க முடியாமல் நின்றுவிடும் என்றார்கள். அவர்கள் சொன்ன வழி: குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்து, ஒருவரை அந்த நாளைப் பற்றிப் பேசச் சொல்வது, மற்றவர்கள் அதைக் கேட்பது.

நமக்கு ஒப்பாரி இருக்கிறதே என்று கேட்கலாம். பெண்களுக்கு இருந்தது, ஆம்பளைக்கு ஏது? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் "மறந்துட்டு வேலையப் பாரு" என்கிறோம். அந்த அக்காவிடம் நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பல வீடுகளில் உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். புத்திமதி சொல்லாதே, காது கொடுத்துக் கேள் என்பதுதான் அதில் முக்கியப் பாடம். பிள்ளையை இழந்த தாய்மார் சிலர், அரசு உதவியோடு குடும்பக் கட்டுப்பாட்டை மாற்றும் ஆபரேஷன் செய்து மறுபடி குழந்தை பெற்றார்கள். ஆனாலும் புதுப் பிள்ளை பிறந்ததால் போன பிள்ளையின் துக்கம் போய்விடாது. அதற்குத் தனியாக அழ வேண்டும்.

நம் அக்கா வீட்டார் மூன்று பேரும் மனநல ஆலோசகரைப் பார்த்தார்கள். முதல் தடவை அப்பா வாயே திறக்கவில்லை. ஆலோசகரும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் தடவை, பையன் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்ததைத் தங்கச்சி சொல்லும்போது அவர் உடைந்துபோய், "அன்னிக்கு வண்டி சாவியை நான்தான் குடுத்தேன்" என்றாராம். ஏழு வருஷமாக அந்த அக்காவுக்கே இது தெரியாது.

இதைக் கேட்டு, நாமே நாலு பேர் போய் ஒரு வீட்டில் பழசைக் கிளறக் கூடாது. "உன்னாலதான்" என்று பழி கிளம்பினால் தாங்கிப் பிடிக்கப் பழகியவர் வேண்டும். 14416-க்குப் போன் செய்தால் காசில்லாமல் எந்நேரமும் பேசலாம். தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் கூச்சப்பட வேண்டாம். 104-லும் பேசலாம். "நானும் போயிடலாம்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

அந்தப் பெண் இன்னும் கல்லூரியில் சேரவில்லை. விண்ணப்பம் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறார், அவர் அப்பா.