நாலு மணிக்கு யார் காத்திருக்கிறார்கள்?

வேலை நிச்சயமில்லை, விலைவாசி நிச்சயமில்லை, அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்பதும் நிச்சயமில்லை என்ற நிலை வரும்போது, வாழ்க்கையில் பிடிப்பே போய்விட்டது என்கிறோம். உடனே அதைத் தேடக் கிளம்புகிறோம். தியான வகுப்பு, தன்னம்பிக்கைப் புத்தகம், சொற்பொழிவு. இவற்றில் தவறில்லை. ஆனால் பிடிப்பு எந்த இடத்தில் நழுவியது என்று பார்க்காமல் ஊரெல்லாம் தேடினால் கிடைக்காது. அந்த இடத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிய பதிவு ஒன்று இருக்கிறது. எழுதப்பட்டு ஏறக்குறைய நூறு வருடம் ஆகப்போகிறது.

வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஒரே ஒரு நெசவாலையை நம்பி ஊர் முழுக்கப் பிழைத்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவில் ஆலை படிப்படியாக முடங்கி, 1930 தொடக்கத்தில் அடியோடு நின்றது. ஊரில் 478 குடும்பங்கள். அவற்றில் முக்கால்வாசிக் குடும்பங்களில் வேலைக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லை. மரி யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற இளம் ஆய்வாளர்கள் ஒரு குழுவோடு அங்கே போனார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஊர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத் துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனைக்கும் தையல் வகுப்புக்கும் ஏற்பாடு செய்தார்கள். கண்டதை 1933இல் நூலாக வெளியிட்டார்கள்.

வேலை இல்லாதவர்களுக்கு நேரம் கொட்டிக் கிடக்கும்; நூலகத்தில் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. இரண்டே ஆண்டுகளில் இரவல் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் ஊரின் முக்கியத் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்றின் பின்னால் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரின் நடையைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் நாலு எட்டு வைத்து நின்றார்கள், மறுபடி நகர்ந்தார்கள், மறுபடி நின்றார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டிருந்தார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் காலையில் எழுந்ததும், மத்தியானம் சாப்பிட்டதும், ராத்திரி படுத்ததும் மட்டும் நினைவுக்கு வந்தன. இடையில் போன மணிநேரங்களுக்குக் கணக்கு இல்லை. அதே தெருவில் பெண்களின் நடை வேகம் குறையவில்லை. அவர்களிலும் பலர் அதே ஆலையில் கூலி இழந்தவர்கள்தான். ஆனால் அடுப்பு நேரத்துக்கு எரிய வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் பிள்ளை இருந்தது. கிழிந்த சட்டை நாளைக் காலைக்குள் தைத்து முடிக்கப்பட வேண்டியிருந்தது.

வறுமை இருவருக்கும் பொது. நாளைப் பற்றிய அச்சமும் பொது. வித்தியாசம் ஒன்றுதான்: குறித்த நேரத்தில் தன் கையை எதிர்பார்த்து இன்னொருவர் காத்திருக்கிறார் என்பது ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. பிடிப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்பின் மறுபெயர் என்பதே என் வாதம்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1990 ஜூனில் இலங்கை உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து என்று பொருளாதாரத் தடை நீண்டது. குண்டுவீச்சும் இருந்தது. நிச்சயமின்மை என்றால் மரியன்தாலைவிடப் பல மடங்கு. அந்த ஆண்டுகளின் சின்னமாக அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வது ஜாம் போத்தல் விளக்கை. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. காற்றைத் தடுக்கப் போத்தலின் கண்ணாடியே போதும். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சுற்றுகிற கை ஓய்ந்தால் அத்தனை பேருக்கும் செய்தி நின்றுவிடும்! அச்சுத்தாள் கிடைக்காதபோது 'உதயன்' நாளிதழ் வண்ணத்தாளிலும் கோடு போட்ட கொப்பித் தாளிலும் வெளிவந்தது. மரியன்தாலில் திண்டாட்டம் மனிதரின் கைக்கு வேலையில்லாமல் செய்தது. இங்கே திண்டாட்டமே ஒவ்வொரு கைக்கும் வேலை வைத்தது.

இது வெறும் பழக்கம், செக்குமாட்டுத்தனம், இதைப் போய்ப் பிடிப்பு என்னலாமா, கொள்கையோ பக்தியோ அல்லவா அதைத் தர வேண்டும் என்று கேட்கலாம். மரியன்தாலில் கொள்கைக்குக் குறைவில்லை. சோஷலிச இயக்கம் வேரூன்றிய தொழிலாளர் ஊர் அது. வேலை போனபின் கட்சி நாளிதழை வேலையற்றவர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்தும் வாங்குவோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. அன்றாடம் குலைந்த இடத்தில் கொள்கையும் காலூன்றி நிற்கவில்லை. பக்திக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். வழிபட ஒரு வேளை குறிக்காமல் மதங்கள் பெரும்பாலும் தம் அடியாரை விட்டதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. அடுப்படியைப் புகழ்ந்து பெண்களின் சுமையை நியாயப்படுத்துவதாகாதா? ஆகும், அதோடு நிறுத்திக்கொண்டால். வீட்டு வேலை தங்களை நிமிர்த்தி வைத்திருந்தபோதும், முடிந்தால் ஆலைக்கே திரும்பிவிடுவோம் என்றுதான் மரியன்தால் பெண்கள் பலர் சொன்னார்கள், கூலிக்காக மட்டுமல்லாமல் நாலு பேரோடு இருப்பதற்காகவும். அதேபோல், மக்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று ஆள்வோர் கைகழுவ இந்த வாதம் உதவக் கூடாது. ஜாம் போத்தல் விளக்கில் படிக்கும்படி எந்தப் பிள்ளையையும் விட்டிருக்கக் கூடாது. அந்தக் காலத்தை உருகி உருகிப் பேசுகிறவர்கள், 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்றாடம் என்பதே பறிக்கப்பட்டவர்களுக்கு அதில் பிடிப்பைத் தேடு என்று சொல்வது கொடுமை. முதலில் திருப்பித் தர வேண்டியது அந்த அன்றாடத்தை. யாஹோடா பின்னாளில் வேலையைப் பற்றி எழுதியபோதும் இதையே வலியுறுத்தினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, பிறரோடு பழக்கம், பொதுக் காரியத்தில் பங்கு ஆகியவை ஊதியத்துக்கு மேலாக வேலை தருபவை. ஆகவே வேலையிழந்தவருக்கு உதவித்தொகை கொடுத்தால் போதும் என்று நினைக்கிற எந்த அரசும் பாதிக் கடமையைத்தான் செய்கிறது.

மரியன்தால் நூலில் ஒரு காட்சி என்னை விடுவதில்லை. பசித்த ஊர் அது. சிறு தோட்டத் துண்டுகளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிட்டுப் பசியை விரட்டப் பார்த்தார்கள். ஒவ்வொரு கிழங்கும் கணக்கு. அப்படிப்பட்ட மண்ணில் சிலர் ஓரமாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கிப் பூச்செடி வைத்திருந்தார்கள். வயிற்றுக்குப் பூ எதற்கும் ஆகாது. ஆனால் செடிக்குத் தினமும் ஒருவர் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

உங்கள் தெருவிலோ உறவிலோ வேலை போனவரோ, முடிவு தெரியாத வைத்தியத்தில் கிடப்பவரோ இருந்தால், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். அவரால் முடிந்த, உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு காரியத்தைக் கேளுங்கள். பிள்ளைக்கு நாலு மணிக்குக் கணக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். நாலு மணிக்குப் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள்.