சர்க்கரைச் சீட்டில் விடுபடும் ஒரு வரி

மாதாமாதம் சுகர் டாக்டரைப் பார்ப்பவர்களின் மருந்துச் சீட்டில் வெறும் வயிற்று அளவு, சாப்பிட்ட பின் அளவு, மாத்திரை மாற்றம் எல்லாம் இருக்கும். ‘விழித்திரையைப் பரிசோதிக்கவும்’ என்ற வரி மட்டும் பல நேரம் விடுபட்டுப் போகும். சர்க்கரையைப் பார்ப்பவர் கண்ணைக் கண் டாக்டரிடம் விட்டுவிடுகிறார். அவரிடம் போகும்படி நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை.

சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் வலிக்காது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து அடைபடத் தொடங்கிய பிறகும் எழுத்துகள் தெளிவாகத்தான் தெரியும். கண்ணாடிக் கடையில் ‘பவர்’ பார்த்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பது பெரிய ஆபத்து. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும், அல்லது விழித்திரையைப் படமெடுக்க வேண்டும். சொட்டு விட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது.

இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால், கண்டுபிடித்த உடனேயே முதல் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் முதல் மூன்று மாதத்துக்குள்.

இங்கிலாந்தில் 2003 முதல் நாடு தழுவிய திட்டம் ஒன்று சர்க்கரை நோயாளிகளைக் கண் பரிசோதனைக்குக் கடிதம் போட்டு அழைக்கிறது. டாக்டர் மறந்தாலும் கடிதம் வந்துவிடும். அங்கே உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதல் காரணமாக இருந்த இந்த விழித்திரை நோய், 2009-10 கணக்கெடுப்பில், அரை நூற்றாண்டில் முதன்முறையாக அந்த இடத்திலிருந்து இறங்கியது. இந்தியாவிலோ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் சுமார் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. நமக்குக் கடிதம் வராது. ‘கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று நாமேதான் கேட்க வேண்டும். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பாதிப்பு தெரிந்தால் செய்யப்படும் லேசர் சிகிச்சை, இருக்கும் பார்வையைக் காப்பதற்கு; போனதைத் திருப்பித் தர அல்ல. கண்ணுக்குள் போடும் ஊசி விழித்திரையின் வீக்கத்தைக் குறைக்கும். ஊசிக்குப் பின் வலியும் சிவப்பும் கூடினாலோ, எப்போதாவது கரும்புள்ளிகள் திடீரென மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பரிசோதனையைப் போலவே பதிவேடுகளையும் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதி. கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் அலட்சியத்தால் பார்வை கெட்டிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அலட்சியத்தை நிரூபிக்க இந்தப் பதிவேடுகள்தான் கைகொடுக்கும். வழக்கே வேண்டாம் என்பவரும் விழித்திரைப் படத்தின் நகலை வாங்கி வைக்கட்டும்: அடுத்த ஆண்டு எந்த டாக்டரிடம் போனாலும், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து நோய் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அவர் பார்க்க முடியும்.